ரத்து செய்தது நீங்கள், பிடித்தம் எங்களிடமா?

அனுப்புநர்: ஓய்வு பெற்ற ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) ஊழியர், விழுப்புரம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 10.11.2025
பொருள்: 21.08.2025 சென்னை – டெல்லி காலை விமானம் ரத்தானது. மூன்று டிக்கெட்டின் முழுப் பணமும் இழப்பீடும் கேட்டு.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, கொடுத்த பணத்தைக் கேட்டேன்.

பி.என்.ஆர். எண், ரசீது எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. விமானமும் கணினியும் உங்களுடையவை. அன்று காலை என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 6.10 மணி விமானம். முந்தின நாள் இரவே காரில் கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருந்தோம். நான், மனைவி, 78 வயதான என் அம்மா. மறுநாள் டெல்லியில் அக்காவுக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். 4.52-க்கு 'செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து' என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. கீழே ஒரு லிங்க். கவுன்டரில் இருந்த பெண் அதை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். அதை வைத்துக்கொண்டு 'பயணி தானாகவே ரத்து செய்துவிட்டார்' என்று உங்கள் கணினி பதிந்திருக்கிறது! கட்டிய 20,850 ரூபாயில் 5,190 ரூபாய்தான் திரும்பி வந்தது. மீதி ரத்துக் கட்டணமாம்.

நீங்கள் தந்த மாற்று விமானம் மறுநாள் ராத்திரி. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு போய் என்ன செய்வது? வேறு நிறுவனத்தில் விசாரித்தால் ஆளுக்கு 19,000 ரூபாய். பென்ஷன்காரன் எங்கே போவேன்?

ஆனால் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். செப்டம்பர் 9-ம் தேதி உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நாற்பது நிமிஷம் பாட்டு கேட்க வைத்துவிட்டு வந்தார். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். "சார், இது உங்க காலத்து கவர்மென்ட் ஏர்லைன் இல்ல, கவுன்டர்ல வந்து உட்கார்ந்து சண்டை போடறதுக்கு" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார். உங்களிடம் பதிவு இருக்கும், தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

அந்த கவர்மென்ட் ஏர்லைனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த சின்ன விமானத்தில் இருந்தது தபால் மூட்டை. அந்தத் தபால் பெல்லாரி வழியாக நம் மெட்ராஸ் வரை வந்து சேர்ந்தது. அந்த டாட்டா சேவைதான் பின்னால் ஏர் இந்தியா ஆகி, அரசு கைக்கு வந்தது. அப்புறம் 1949-ல் இரவுத் தபால் விமானங்கள் வந்தன. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று நாலு திசையிலிருந்தும் கிளம்பி, நடுராத்திரி நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பும். ஆர்.எம்.எஸ்.ஸில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர்கள் அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 1990-ல் குவைத் போரின்போது அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை 488 நடைகளில் ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பி வந்தவர் ஒருவர் இருந்தார். நேரத்துக்கு வராது, கடனில் முழுகிவிட்டது என்று ஊரே பேசியது உண்மைதான், நான் மறுக்கவில்லை. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை அதோடு சேர்த்த பிறகு நஷ்டம் மலைபோல் ஏறி, 2022 ஜனவரியில் மறுபடி டாட்டா கைக்கே போய்விட்டது. அதற்காக அந்தப் பெயரை இப்படி இளக்காரமாகப் பேசலாமா?

1953-லிருந்து விமானச் சேவை அரசுக்கு மட்டுமே என்றிருந்த சட்டத்தை 1994-ல் எடுத்தார்கள். போட்டி வந்தால் பயணிக்கு மரியாதை கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். தமானியா, மோதிலுஃப்ட், கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று தனியார் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிப் போயின. மிச்சம் இருப்பவர்கள் நீங்கள் சிலர்தான். வேறு போக்கிடம் இல்லாமல் இவன் நம்மிடம்தானே வர வேண்டும் என்ற தைரியமா?

சென்னை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லி அக்டோபர் 6-ம் தேதி நீங்களே மெயில் அனுப்பினீர்கள். முழங்கால் வலியோடு 160 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் கொடுத்த முகவரியில் ஷட்டர் சாத்தியிருந்தது. "காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சு சார், தினம் ரெண்டு பேர் உங்கள மாதிரி வராங்க" என்றார் வாட்ச்மேன். அவர்தான் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். உங்கள் நிறுவனத்தின் பெயரால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அவரும் உங்கள் ஊழியர் இல்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. விமானம் ரத்து என்றதும் அம்மா உட்கார்ந்திருந்த வீல்சேரைத் திருப்பிக் கேட்டார்கள், வேறு பயணிக்கு வேண்டுமாம். மகளுக்காக மூன்று நாள் உட்கார்ந்து சுட்ட அதிரசம் எவர்சில்வர் தூக்கில், அம்மா மடியில் இருந்தது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தார். "டெல்லிக்குப் போறோமா, இல்லையாடா?" என்று கேட்டார். ஒரே மகளின் அறுபதாம் கல்யாணம் இனி வருமா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி செத்துவிட்டது. இதற்கு இரண்டு லட்சம் கேட்டாலும் தகும்.

உங்கள் நிர்வாகத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்றே நம்புகிறேன். பிடித்த 15,660 ரூபாயைக் கொடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் வரை இழப்பீடு என்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதையும் கொடுங்கள். போனில் அப்படிப் பேசியவர் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும். அவருடைய வேலைக்கு எதுவும் வேண்டாம், அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் விமானப் பயணிகள் புகார் சொல்வதற்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிவேன். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்கும் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி என் ஊரிலேயே போடலாம். வாய்தாவுக்கு நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சரியான இடத்தில் சேர்த்தவன் நான். இதையும் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி

பி.கு.: மூடிக் கிடக்கும் அந்த அலுவலக முகவரியை முதலில் உங்கள் மெயிலிலிருந்து எடுங்கள். என்னைப் போல இன்னொருவர் பஸ் ஏறி வர வேண்டாம்.