ஜாதிமல்லியில் ஜாதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தருமபுரி பூ மார்க்கெட்டில் ஜாதிமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "பூவுலயுமா ஜாதி?" என்றாள். "ஒசந்த ஜாதிப் பூ, அதான்" என்றபடி முழம் போட்டார் பூக்காரம்மா.

விஷயம் அதுவல்ல. சமஸ்கிருதத்தில் 'ஜாதீ' என்பதே இந்தக் கொடியின் பெயர். அதன்மேல் நாம் மல்லியை ஒட்டிவிட்டோம், 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி! தெற்கே போனால் இதுவே பிச்சி. சங்கப் பாடல்களின் பித்திகமும் இதுதான் என்பார்கள். ஜாஸ்மின் என்ற பெயரோ பாரசீகத்து 'யாசமின்' வழி வந்தது.

மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், பார்த்தாலே தெரியும். அப்புறம், பூ விலைப் பட்டியலில் ஜாதிமல்லிக்குப் பக்கத்தில் பிச்சி என்றும் போடுங்களேன்.

வாசகர், தருமபுரி