காட்பாடி ஸ்டேஷனில் உதவிய அண்ணனுக்கு நன்றி

பேர்கூடச் சொல்லாமல் ரயிலேறிப் போன அண்ணா, எழுத்துத் தமிழை வேலூர்ப் பேச்சாக மாற்றும் எங்கள் ஆப் 24 மணி நேரப் போட்டியில் கெடுவுக்குள் ஓடியது உங்களால்தான்.

ஆப் பார்க்கும் மாற்றுச்சொல் பட்டியலில் ‘இருக்கிறது’ என்பதற்கு ‘கீது’ இருந்தும் ‘வந்திருக்கிறது’ மாறவேயில்லை. சொற்கள் சேரும்போது ‘இ’ எழுத்து ‘ி’ என்ற துணைக்குறியாகிவிடும், கணினிக்கு அது வேறு குறியீடு என்று காட்டினீர்கள். ‘திருக்கிறது’ என்ற முடிவைத் தேடி ‘துகீது’ போட்டதும் ‘வந்துகீது’ வந்துவிட்டது! வெறும் துணைக்குறியோடு தேடினால் ‘நன்றாயிருக்கிறது’ என்பது ‘நன்றாயுகீது’ ஆகிக் கெடும். அப்படிப்பட்ட சொற்களுக்கு முதலில் பார்க்கும் தனிப்பட்டியல் வைத்தோம்; அதில் இதற்கு ‘நல்லாகீது’.

‘பார்த்துக்கொண்டு’ என்பது ‘பாத்துகினு’ ஆகலாம். ‘கத்தி கொண்டு’ என்பது ‘கத்திகினு’ ஆகக்கூடாது. ஆகவே ‘க்’ ஒட்டி வரும் ‘கொண்டு’ மட்டுமே மாறும். அதிலும் ‘ொ’ குறி சில இடங்களில் ஒரே குறியீடாகவும் சில இடங்களில் இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. உள்ளீடு, பட்டியல் இரண்டையும் முதலிலேயே, இரண்டாக வருவதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியதும் சரியானது.

சொல் எங்கே தொடங்கி முடிகிறது என்று பார்க்க, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சொல்லெல்லைக் குறி தமிழுக்கு உதவாது. இடைவெளி, நிறுத்தக்குறி பார்த்துப் பிரித்தோம். நீளமான சொல்லை முதலில் தேடி, எல்லாவற்றையும் ஒரே சுற்றில் மாற்றினோம்.

பேசுகிறவரை மட்டம்தட்டும் சொற்களை எடுக்கச் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. அவை இல்லாமலும் ஆப் தரும் சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஆரணியோ குடியாத்தமோ, எங்கிருந்தாலும் கேளுங்கண்ணா: ஆப் நல்லா ஓடிகினுகீது.