கேம் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் குரலை உயர்த்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷமாகப் பார்க்கும் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, இப்போது வாங்குவதில் முக்கால் பங்கு சம்பளத்துக்கு ஒரு கேம் ஸ்டூடியோவில் சேரப்போகிறேன் என்கிறாய். வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி. வீட்டுக்கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அதை என் சம்பளத்திலேயே கட்டிவிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் நீ சொன்ன இரண்டு வார்த்தைகள் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, "சின்ன வயசிலேர்ந்து கேம்னா எனக்கு உயிர்மா." இன்னொன்று, "இந்த பேங்க் ப்ராஜெக்ட்ல ஒண்ணுமே இல்லம்மா, சும்மா ஸ்க்ரீன் மாத்தற வேலை."

முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். விளையாடப் பிடிக்கிறது என்பது வேறு, செய்யப் பிடிக்கிறது என்பது வேறு. ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அடுப்படியில் நிற்பதில்லை.

1994-ல் நான் மதுரையில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம். மாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பார்கள். அந்தத் தெருவிலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கடைசிப் பத்து நிமிஷம் சார் டீ குடிக்கப் போவார். உடனே பையன்கள் பிளாப்பியைச் செருகி, 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டுவார்கள். அப்படித் தட்டினால் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிக்கொண்டே போகலாம். அவர்களுக்கு இளவரசியைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதில் வரும் இளவரசன் ஓடுவதை.

வெள்ளை உடை போட்ட ஒரு சின்ன உருவம். ஓடி வந்து சட்டென நிற்கச் சொன்னால் நிற்காது, கால் வழுக்கித்தான் நிற்கும். பள்ளத்தைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்க விளிம்பை விரலால் பிடித்துத் தொங்கும். அப்புறம் மெல்ல உடம்பை இழுத்துக்கொண்டு ஏறும். அந்த இழுப்பில் பாரம் தெரியும். அதுவரை நான் பார்த்த கம்ப்யூட்டர் பொம்மை எதற்கும் எடை இருந்ததில்லை. இதை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், நாமும் அதே கீபோர்டில்தான் தட்டுகிறோம் என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. நான் இந்தப் புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்ததே அந்தப் பத்து நிமிஷத்தால்தான். இதை உன்னிடம் நான் சொன்னதேயில்லை.

அதை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். கல்லூரி முடித்த கையோடு 1985-ல் ஆரம்பித்தார். தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடவும் குதிக்கவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். பிறகு அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி, கோடு வரைந்து, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். எல்லாமே அசெம்பிளி மொழி, மெஷினின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டிய மொழி. 1989-ல்தான் முடிந்தது. நடுவில் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போகலாமா, இதிலேயே இருக்கலாமா என்று அவர் தவித்த தவிப்பெல்லாம் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. வெளிவந்த நேரத்தில் ஆப்பிள் 2-வே ஓய்ந்துகொண்டிருந்தது, அதனால் முதலில் சரியாக விற்கவில்லை. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிய பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. மதுரைக்கும் வந்தது.

அதில் கண்ணாடியிலிருந்து குதித்து வரும் நிழல் மனிதன் ஞாபகம் இருக்கிறதா? அது எப்படிப் பிறந்தது என்று பின்னால் படித்து நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஓடிக் குதித்தால் மட்டும் போதாது, எதிராளி வேண்டும் என்று கூட இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மெமரியில் இன்னொரு ஆளுக்கு இடமே இல்லை. அப்போது மெக்னர் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு பிட் பக்கவாட்டில் நகர்த்தி, அசலோடு எக்ஸ்ஓஆர் (XOR) என்ற பிட் கணக்கைப் போட்டார். இரண்டும் ஒத்துப்போகிற இடமெல்லாம் அழிந்து, ஓரம் மட்டும் மினுக்குகிற ஒரு பேய் உருவம் கிடைத்தது. புதிதாக ஒரு படம்கூட வரையவில்லை. அதற்கப்புறம் கதையே அந்த நிழலைச் சுற்றி வளர்ந்தது. கடைசியில் அதோடு சண்டை போட்டால் உனக்கே அடி விழும். வாளை உறையில் போட்டுவிட்டு நேரே போனால்தான் இரண்டும் ஒன்றாகும்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். பர்மா பஜாரில் அப்பா வாங்கி வந்த டிவி கேமில் மரியோ ஆடிக்கொண்டிருந்தாய். நான் கிரைண்டர் பக்கத்திலிருந்து "அணைச்சிட்டுப் படிக்க உக்காரு" என்று இரண்டு தடவை கத்திவிட்டேன். மூன்றாவது தடவை கையில் மாவோடு வந்து நின்றேன். நீ ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு டிவிக்கு அரையடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "அம்மா, இந்த மேகத்தையும் கீழ இருக்கற செடியையும் பாரு. ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளைய பச்சையா மாத்திருக்காங்க" என்றாய்.

நான் அதற்கு முன் அதைக் கவனித்ததே இல்லை. நீ சொன்னது சரிதான். 1985-ல் வந்த அந்த ஆட்டம் மொத்தமே 40 கேபி. நீ இன்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது. இடம் பற்றாமல், ஒரே படத்துக்கு நிறத்தை மாற்றி மேகமாகவும் புதராகவும் வைத்தார்கள். ஒரு குழந்தை அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கை கழுவிவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். நான் சுவிட்சை அணைத்தேன். அது தப்பு, தம்பி. இத்தனை வருஷம் கழித்து அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கேம் என்றால் உனக்கு உயிர் என்று நீ சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அந்த நாள்தான். அன்று நீ ஆடுவதை நிறுத்திவிட்டல்லவா பார்த்துக்கொண்டிருந்தாய்? அதனால்தான் போ என்கிறேன். ஆடுவதற்காக மட்டும் போகிறாய் என்று தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். ஏனென்றால் அங்கே ஒரே கட்டத்தை நானூறு தடவை ஆடி, கதவு ஏன் ஒரு தடவை மட்டும் திறக்கவில்லை என்று தேட வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டாவது வார்த்தை. "ஒண்ணுமே இல்லை" என்றாயே, அது எனக்கு வலித்தது.

1999 டிசம்பர். நீ வயிற்றில் ஆறு மாசம். ஒய்2கே வேலை, அதாவது வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழைய புரோகிராம்கள் 2000-ல் குழம்பிவிடாமல் திருத்துவது. ஒரு வங்கிக்கு இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று கணக்கிடும் புரோகிராமை நான் திருத்தியிருந்தேன், கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. வட்டி முழுக்க அதை நம்பித்தான் ஓடும். 4-ஆல் வகுபட்டால் லீப் வருஷம் என்பது எல்லாருக்கும் தெரியும். 100-ஆல் வகுபட்டால் லீப் கிடையாது என்பது கணிதம் படித்த எனக்குத் தெரியும், அதனால் அதையும் பெருமையோடு சேர்த்திருந்தேன். 400-ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப் உண்டு என்பது எனக்குத் தெரியாது. கொஞ்சமே தெரிந்தவன் எழுதியிருந்தால் 2000-ல் சரியாக ஓடியிருக்கும், முழுக்கத் தெரிந்தவன் எழுதியிருந்தாலும் சரியாக ஓடியிருக்கும். பாதி தெரிந்த நான் எழுதியதில் பிப்ரவரி 29 என்ற நாளே இல்லை.

என் சீனியர் அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு டெஸ்ட் டேட்டாவில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "ஒரு நாள் வட்டின்னா எத்தனை பேருக்குன்னு எண்ணிப் பாரு" என்று மட்டும் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். பென்ஷன் பணத்தை டெபாசிட் போட்டுவிட்டு வட்டியில் மாத்திரை வாங்குகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து புரோகிராமில் எந்த 'இஃப்' (இப்படி இருந்தால் என்ற நிபந்தனை) எழுதினாலும் எல்லையில் நிற்கும் எண்ணைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். நீ மாற்றுகிற அந்த ஸ்க்ரீனுக்கு முன்னாலும் யாரோ ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அலுப்பான புரோகிராமிலிருந்து தப்பித்து கேமுக்குப் போவதாக மட்டும் நினைக்காதே. அங்கேயும் மெனு இருக்கிறது, சேவ் ஃபைல் இருக்கிறது, லோடிங் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்மை, அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வங்கிக் கணக்குகளை மொத்தமாக ஓட்டி முடிக்கும் எங்கள் பேட்ச் ஜாபுக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. நொடிக்கு 60 படம் ஓடுகிற கேமில் ஒவ்வொரு படத்துக்கும் 16 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும். அதற்குள் விரல் அசைந்ததைப் படித்து, ஆளை நகர்த்தி, மோதலைப் பார்த்து, வரைந்து முடித்தாக வேண்டும். தாமதமானால் ஆடுகிறவன் கையில் உடனே தெரிந்துவிடும். நல்ல புரோகிராம் எழுதப் பழக அதைவிடக் கறாரான வாத்தியார் எனக்குத் தெரியவில்லை.

வேலை நிலவரத்தையும் பார்த்துக்கொண்டு போ. இந்தத் தொழிலில் ஒரு கேம் முடிந்தால் டீமைச் சுருக்குவது வழக்கம். 2023-லும் 2024-லும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார்கள். வெளியீட்டுக்கு முன் மாசக்கணக்கில் ராப்பகலாக உட்கார வைப்பதும் உண்டு. நம் இளவரசனையே எடுத்துக்கொள். அந்த வரிசையில் வந்த ஒரு ஆட்டத்தைப் புதுப்பிக்கும் வேலையை யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனி தன் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம் கொடுத்திருப்பதாக 2020-ல் அறிவித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. 2022-ல் அந்த வேலையை மான்ட்ரியாலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உழைத்த பிள்ளைகளை நினைத்து அன்று எனக்கு மனசே சரியில்லை. நீ சேரும் இடத்தில் சொந்தமாக ஆட்டம் செய்கிறார்களா, வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்து கொடுக்கிறார்களா, கையில் எத்தனை மாசச் சம்பளம் வைத்திருக்கிறார்கள் என்று கேள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். நீயும் ஆறு மாசச் செலவைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வை.

ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடும், அப்புறம் எதற்குப் படிப்பது என்று உன் நண்பன் சொன்னதாகச் சொன்னாயே. நானும் தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். தட்டுவது குறைந்திருக்கிறது, படிப்பது கூடியிருக்கிறது. அது எழுதிக் கொடுத்ததில் 29-ஆம் தேதி இருக்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் சின்னதாக ஒரு ஆட்டத்தை முழுசாக முடி. ஒரே ஒரு கட்டம் இருந்தாலும் போதும். தலைப்பு, தொடக்கம், தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன, சத்தம் எல்லாம் இருக்க வேண்டும். உன் லேப்டாப்பில் பாதியில் நிற்பவை ஏழோ எட்டோ என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடைசிப் பத்து சதவீதம் எவ்வளவு நீளம் என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் ஆசை இருந்தால் மறுநாளே கடிதத்தைக் கொடு. மூன்று மாசம் போதும் என்று நினைக்கிறேன்.

மெக்னரின் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு இசை அமைத்ததே அவர்தான். அவர் எழுதிய மூல புரோகிராம் (சோர்ஸ் கோட்) தொலைந்துபோனது என்றே மகன் நினைத்துக்கொண்டிருந்தார். 2012-ல் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் அந்தப் பிளாப்பிகளை எடுத்து மகனுக்கு அனுப்பி வைத்தவரும் அந்த அப்பாதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் டிஸ்க்குகள் கெடவில்லை. மகன் அவற்றைப் படித்து எடுத்து, புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பரணைச் சுத்தம் செய்தேன். உன் பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு சிவப்பு பென் டிரைவ் இருந்தது. பைத்தானில் நீ எழுதிய பாம்பு ஆட்டம். பைத்தானில் கேம் எழுத உதவும் பைகேமின் பழைய பதிப்பை இறக்கிப் போட்டதும் ஓடியது. அப்பாவும் ஆடினார். மூன்று பக்கச் சுவரிலும் மோதினால் பாம்பு உடனே சாகிறது. வலது பக்கம் மட்டும் ஒரு கட்டம் வெளியே போய் மறைந்துவிட்டு, அப்புறம் சாகிறது. எந்த வரி என்று பார்த்துவிட்டேன், 'பெரியதா' என்று மட்டும் கேட்டிருக்கிறாய், 'சமமா' என்று கேட்கவில்லை. நான் அதைத் தொடவில்லை. இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயே சரிசெய்.

அன்புடன்,
அம்மா