கார்த் குன்றில் ஏறிவிட்டு எழுது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்கு வடமேற்கே கார்த் என்று ஒரு குன்று இருக்கிறதே, நீ அதில் ஏறியிருக்கிறாயா? அதன் அடிவாரத்து ஊரான டாஃப்ஸ் வெல்லைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் மங்கர் 1995-ல் எடுத்த படத்தை நேற்று பார்த்தோம். 'தி இங்கிலீஷ்மேன் ஹு வென்ட் அப் எ ஹில் பட் கேம் டவுன் எ மவுண்டன்' என்று நீளமான பெயர். இந்தக் குன்றைப் பற்றி அவர் தன் தாத்தாவிடம் கேட்ட கதையாம். நில அளவைக்குப் படித்த பெண்ணைப் பெற்றவர்கள் அதை எப்படி விடுவோம்?

1917. முதல் உலகப் போர் நடக்கிறது. இரண்டு ஆங்கிலேய அளவையாளர்கள் வேல்ஸ் கிராமம் ஒன்றுக்கு வந்து அங்குள்ள மலையை அளக்கிறார்கள். ஆயிரம் அடி இருந்தால்தான் மலை, இல்லையென்றால் வெறும் குன்று. கணக்குப் போட்டால் 984. வெறும் பதினாறு அடிக்காக ஊரின் மானமே போகிறது! உடனே ஊரே வாளியும் கூடையுமாக மண் சுமந்து உச்சியில் கொட்டக் கிளம்புகிறது. வந்தவர்கள் மறுபடி அளக்காமல் போய்விடக் கூடாதே என்று அவர்களுடைய காரைப் பழுதாக்குகிறார்கள். ரயில் நிலையத்தில் பயணிகள் ரயிலே கிடையாது என்று முகம் மாறாமல் சொல்கிறார்கள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதே ஊரில் ஜானி என்று ஒரு பையன். போர்முனையில் குண்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு மனம் உடைந்து திரும்பியவன். வாய் திறந்து பேசவே தயங்குகிறான். மழையில் மண் கரையும்போது மேட்டின் மேல் தார்ப்பாய் போர்த்தலாம் என்று யோசனை சொல்வது அவன்தான். மேலே போன இடத்தில் இடி இடிக்கிறது. அவனுக்கு அது இடியாகவா கேட்கும்? அந்தக் காட்சியில் நாங்கள் இருவரும் பேசவில்லை. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு நிற்கும் ஊர் அது. மிச்சமிருக்கும் மலையையும் காகிதத்தில் ஒருவன் அழித்துவிட்டுப் போனால் எப்படிப் பொறுக்கும்?

மதுக்கடைக்காரர் மோர்கனும் பாதிரியார் ஜோன்ஸும் ஜென்மப் பகையாளிகள். ஆனால் ஓய்வுநாளில் வேலை செய்வதே பாவம் என்று நம்பும் அந்தப் பாதிரியார்தான், ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்தே மண் சுமக்க ஊரை அழைக்கிறார். எண்பதைத் தாண்டிய கிழவர், தாமும் சுமக்கிறார். உச்சியிலேயே உயிர் போகிறது, அங்கேயே புதைக்கிறார்கள்.

நிஜமான கார்த் குன்றின் உச்சியிலும் மேடு உண்டு. வெண்கலக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த மேடு அது. உயரம் 307 மீட்டர் என்று படித்தேன். ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது என்று இங்கே உட்கார்ந்து எனக்குச் சந்தோஷம்!

நீயும் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறாய். யாராவது பெரியவர் பக்கத்தில் வந்து நின்று, என்ன அளக்கிறாய் என்று கேட்டால், அவசரப்படாமல் பதில் சொல் அம்மா. அது அவருடைய மண்.

மழை நாளில் ஏறாதே. பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள். உச்சியிலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று விவரமாக எழுது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா