பாரிஸில் ஜேப்படி: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாரிஸ் பயணக் கட்டுரையில் ஈஃபில் கோபுரத்தை எங்கே நின்று படம் எடுப்பது என்பதுவரை விவரம் இருந்தது. திருட்டைப் பற்றி மட்டும் ‘உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒற்றை வரி. ஜேப்படிக்காரர்களின் தொல்லை தாங்காமல் 2013 ஏப்ரலில் லூவர் அருங்காட்சியக ஊழியர்களும், 2015 மே மாதம் ஈஃபில் கோபுர ஊழியர்களும் வேலையை நிறுத்த, இரண்டு இடங்களிலுமே கதவை அடைக்க வேண்டிவந்த ஊர் அது.

சுற்றுலாப் பயணிக்கு அங்கே கத்தியைவிட விரல்கள்தான் ஆபத்து. லூவர் வழியாகப் போகும் மெட்ரோ 1-ஆம் தடத்திலும், சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.இ.ஆர். ‘பி’ எனும் புறநகர் ரயிலிலும் கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் ஏறும்போது முன்னால் போகிறவர் வாசலிலேயே சட்டென்று நிற்பார். பின்னால் இருப்பவர் நெருக்குவார். மூன்றாமவர் கைமேல் மடித்துப் போட்ட கோட்டுக்கு அடியில் உங்கள் பையின் ஜிப் திறந்துகொண்டிருக்கும். கதவு மூடும் முன் ஒரு ஒலி வரும். அது கேட்டதும் மூவரும் இறங்கிவிடுவார்கள். கதவு சாத்திக்கொள்ளும், நீங்கள் உள்ளே. கதவோரத்து மடக்கு இருக்கையில் செல்பேசி பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கணக்குதான்: ஒலி, பிடுங்கல், ஓட்டம். வாசலில் நெரிசல் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், மெட்ரோ சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். முதுகுப் பை நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். ‘ஜேப்படி ஜாக்கிரதை’ என்ற அறிவிப்பைக் கேட்டதும் பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறோமே, பர்ஸ் எங்கே இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுப்பது அப்போதுதான்.

சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் வண்ண நூலோடு வருகிறவர் உங்கள் விரலைப் பிடித்துக் கயிறு பின்னத் தொடங்குவார். முடித்ததும் காசு கேட்பார். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடந்துவிடுங்கள். காதுகேளாதோருக்காக என்று நீட்டும் கையெழுத்து அட்டை உங்கள் பைக்கு மேலே திரையாகிவிடும். குவளைக்குள் பந்து ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள் ஆட்டக்காரனின் ஆட்கள். சாதாரண உடையில் வந்து ‘போலீஸ், பர்ஸைக் காட்டு’ என்பவரிடம் பர்ஸைக் கொடுக்காதீர்கள்.

தாலிக்கொடிக்கு வருவோம். தடித்த சங்கிலியைப் பறிக்க ஒரு இழுப்பு போதும், கழுத்தும் அறுபடும். பயண நாள்களுக்குத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது நல்லது. நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா ஷப்பெல் பகுதிதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அதை ஒட்டித்தான் கார் து நோர் ரயில் நிலையத்தின் நெரிசல் இருக்கிறது.

பணம் போனால் அந்தப் பணம்தான் போகும். செல்பேசி போனால் வங்கியே கைமாறிவிடும். திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அவனுக்கு வரும். கிளம்பும் முன்பே சிம்முக்குத் தனி பின் எண் போட்டுவிடுங்கள். திரைப்பூட்டு வேறு, இது வேறு. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. ஆகவே வங்கிச் செயலியில் கார்டின் ‘வெளிநாட்டு ஆன்லைன்’ வசதியை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கார்டும் வங்கியின் அவசர எண் எழுதிய தாளும் ஓட்டல் அறையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டை அறையில் வைப்பதா, எடுத்துப்போவதா? போலீஸ் கேட்டால் வெளிநாட்டவர் ஆவணம் காட்ட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். எடுத்துப்போனால் கைப்பையில் வேண்டாம், சட்டைக்குள் தொங்கும் மெல்லிய பையில் வையுங்கள். தொலைந்தால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அது ஊர் திரும்ப மட்டுமே. அடுத்து சுவிட்சர்லாந்து என்று போட்டிருந்த திட்டம் அத்தோடு முடிந்தது.

சார்ல் து கோல் விமான நிலையத்துக்குள்ளேயே வந்து ‘டாக்ஸி?’ என்று கேட்பவரோடு போகாதீர்கள். வெளியே உள்ள வரிசையில் நின்று ஏறினால் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: 2025 நிலவரப்படி சேன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. ஆள் கணக்கு இல்லை, வண்டிக்கு.

இவ்வளவுக்கும் மேல் திருடு போய்விட்டால் முதலில் சிம்மையும் கார்டையும் முடக்குங்கள். ஆபத்து என்றால் 112. பிறகு காவல் நிலையம். அங்கே ‘தொலைந்துவிட்டது’ என்று வாய்தவறிச் சொன்னால் தொலைந்ததற்கான சான்றுதான் எழுதித் தருவார்கள், திருட்டுக்கான காப்பீட்டுக்கு அது உதவாது. ‘வோல்’ என்றால் திருட்டு, ‘ப்ளாந்த்’ என்றால் புகார். இந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் போதும். விசாவுக்காக எடுத்த காப்பீட்டில் 30,000 யூரோ என்பது மருத்துவச் செலவுக்கு. திருட்டும் அதில் சேருமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். செல்பேசிக்கான புகாரில் அதன் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கேட்பார்கள். கிளம்பும் முன்பே *#06# அழுத்திப் பார்த்து, அதைத் தாளில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் துறையில் பணிபுரியும் வாசகர்,
திருச்சி