டச் காட்ட வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், கடவுள் இல்லை என்பவர்கள் அதை நிரூபித்துக் காட்டட்டும், முடியாவிட்டால் பேசாமல் கோயிலுக்கு வரட்டும் என்று எழுதியிருந்தார். முதல் பாதிக்குப் பதில் எழுதுகிறேன். இரண்டாம் பாதிக்காக என் வீட்டம்மா கல்யாணமான நாளிலிருந்து பாடுபடுகிறார். அவருக்கே கைகூடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் 30 வருஷத்துக்கு மேலாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருவர் வெள்ளிக் கட்டியோடு வந்து உட்கார்ந்து, இத்தனை டச், அதாவது வெள்ளி இவ்வளவு சுத்தம் என்று சொன்னால், அதைக் காட்ட வேண்டியவர் அவர்தான். ஓரத்தில் துளி வெட்டி, டச் பார்க்கிற கடைக்கு அனுப்பி, சீட்டு கைக்கு வந்த பிறகுதான் விலைப் பேச்சு. 'எனக்கு வேண்டாங்க' என்று நான் எழுந்துகொண்டால், ஏன் வேண்டாம் என்று எழுதிக் கொடு என யாரும் கேட்பதில்லை. ஆனால் கடையில் நாலு பேர் இருக்கும்போது அதே கட்டியைக் கையில் எடுத்து, 'இது பாதி செம்பு' என்று நான் சொல்லிவிட்டால் கதை வேறு. அப்புறம் துளி வெட்டிக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. காட்டாவிட்டால் என் பெயர்தான் கெடும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்கிறவன் எழுந்து போனவன். கடவுளே கிடையாது, கும்பிடுகிறவன் ஏமாளி என்கிறவன் செம்பு என்று சொன்னவன். அன்பர் இரண்டு பேரையும் நாத்திகன் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்.

பெரியார் இரண்டாவது வகை. 1925-ல் 'குடி அரசு' தொடங்கியதிலிருந்து 1973 டிசம்பரில் கண்மூடும் வரை, தான் சொன்னதற்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944-ல் இந்தச் சேலத்தில்தான். 1971 ஜனவரியில் இங்கே நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. அவரை எதிர்க்கிறவர்கள்கூட மனுஷர் காரணம் சொல்லாமல் நழுவினார் என்று சொல்ல முடியாது. இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் தீச்சட்டி எடுக்கிறவரைக் கேலி பேசுகிறார்கள், திருப்பிக் கேட்டால் 'நிரூபிக்க வேண்டியது நீங்கதான்' என்று நகர்ந்துவிடுகிறார்கள். பெரியார் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்வதற்கு முன்பே மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சொல்லிவிடுகிறது. மந்திரி பதவியேற்கும்போது ஆண்டவன் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம். சாட்சிக் கூண்டிலும் அப்படித்தான். 1969-ஆம் வருஷத்துச் சத்தியப் பிரமாணச் சட்டம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு செக் வழக்கில் சாட்சி சொல்லப் போனபோது நானே பார்த்தேன். 'கடவுள் சாட்சியா' என்று ஊழியர் எடுத்துக் கொடுக்க, 'உளமார உறுதி சொல்றேங்க' என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே 'சரி, ஆகட்டும்' என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் என் வரவு செலவு நோட்டை முக்கால் மணி நேரம் குடைந்தார். சாமி கும்பிடாதவன் பேச்சை எப்படி நம்புவது என்று அவர்கூடக் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் தெருவில்தான். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டுவார்கள், ஊரே மஞ்சளாகிவிடும். எங்கள் தெருக் கோயிலுக்கும் ரசீதுப் புத்தகத்தோடு வரி கேட்டு வருவார்கள். வருஷம் தவறாமல் கொடுக்கிறேன். 'சாமி இல்லேங்கறீங்க, வரி மட்டும் எதுக்குண்ணா?' என்று போன வருஷம் ஒரு தம்பி கேட்டான். 'கூழ் இருக்குதல்ல' என்றேன். சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் கூட எழுதிவிட்டான். அது என் வாய்க்கு வந்த தண்டம்.

இந்த மே மாதம் பேத்திக்கு லீவு என்று ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே சேர்வராயன் கோயில். கோயில் என்றால் கோபுரம் இல்லை, குனிந்து போகிற இருட்டுக் குகை. எல்லோரும் உள்ளே போக, வழக்கம்போல நான் செருப்புகளோடும் பைகளோடும் வெளியே பனியில் நின்றேன். பேத்தி மட்டும் திரும்பி வந்து, 'தாத்தா, நீங்க ஏன் வரல? குனிஞ்சா இடுப்பு வலிக்குதா?' என்றாள். அன்பருக்கு நான் கடன்படவில்லை, இவளுக்குப் பட்டிருக்கிறேன். 'இல்ல கண்ணு, உள்ள சாமி இருக்கறதா எனக்குத் தோணல. உங்க ஆயாவுக்குத் தோணுது. நீ போய்ப் பாத்துட்டு வா' என்றேன். ஓடிவிட்டாள்.

உள்ளே வீட்டம்மா அவளிடம், இந்தக் குகை காவிரி பிறக்கிற இடம் வரைக்கும் போகுதுடி என்று சொல்லியிருக்கிறார். 'அப்படியா ஆயா, யாரு போய்ப் பாத்துட்டு வந்தாங்க?' என்று இவள் கேட்டது வெளியில் நின்ற எனக்கே கேட்டது. திருநீறோடு வெளியே வந்த வீட்டம்மா என்னைத்தான் முறைத்தார். அங்கே ஏழு ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை என்பதை இக்கடிதத்தின் மூலம் உளமார உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.