சேற்றில் விழுந்த குறிப்பேடு

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை நாலு போட்டு முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். மனசு கேட்கவில்லை. நான் எதைத் தொலைத்தேன், யார் எதை மீட்டுத் தந்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்கு முழுதாகத் தெரியாது, ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். அதனால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில், ஆசியா முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணும் வாரங்களில் நடந்தது இது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்தில் எண்ணப் போகிறவர்கள் கடிகாரத்தைவிட, கடல் ஏறி இறங்கும் ஓதத்தைத்தான் பார்ப்பார்கள். வெளியே சேற்றுத்திட்டுகளில் மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள், கடல் ஏறிக் கால் வைக்க இடமில்லாமல் போனதும் உள்ளே குளங்களுக்கு வந்து ஒதுங்கும். ஒரு காலத்தில் இறால் வளர்த்த குளங்கள் அவை. இன்று மதகைத் திறந்து மூடிப் பறவைகளுக்குத் தோதாகத் தண்ணீரை வைத்திருக்கிறார்கள். நாம் எண்ணுவதற்குக் கிடைப்பது அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

பறவை பார்க்கும் குடிலின் சன்னல் விளிம்பில் குறிப்பேட்டை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க முந்தானையைத் தேடினேன். நான் அன்று போட்டிருந்தது முழுக்கால் சட்டையும் டி-சட்டையும்! இல்லாத முந்தானையைத் தேடிய முழங்கை பட்டு, குறிப்பேடு கீழே சேற்றில் போய் விழுந்தது. செப்டம்பரிலிருந்து எழுதிய 19 ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் இருந்தன. பாலத்துப் பக்கம் முதலை கிடக்கிறது என்று கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார்கள். இறங்கி எடுக்கிறேன் என்று ஒருவரும் வீரம் பேசவில்லை, அதற்கே தனியாக ஒரு நன்றி. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நீர் உடும்பு நிதானமாக வந்து, நாக்கை நீட்டிக் குறிப்பேட்டை முகர்ந்துவிட்டு, அதன்மேலேயே ஏறிப் போனது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தேசியப் பூங்காக் கழக ஊழியர் ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த வலையோடு வந்து சேர்ந்தபோது பக்கங்கள் ஊறிப்போயிருந்தன. அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “ஆன்ட்டி, முதலை படிக்கிறதுக்குள்ள எடுத்துட்டேன்” என்றார்.

ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் இங்கே வேண்டும். பென்சிலில் எழுதுங்கள், தண்ணீர் பட்டாலும் போகாது என்று பலதுறைத் தொழிற்கல்லூரித் தம்பி இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். முப்பது வருடம் கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவளுக்குப் பென்சிலா என்று ஒரு வீம்பு. நீல ஜெல் பேனாதான் பிடித்தேன். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் தாளுக்குத் தாள் டிஷ்யூ வைத்து இரண்டு நாள் காயவைத்தோம். என் வீட்டுக்காரர் ராத்திரி எழுந்து எழுந்து டிஷ்யூ மாற்றினார். காய்ந்த பிறகு பார்த்தால் பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி என்று எழுதிய கரைப்பறவைப் பெயர்கள் எல்லாம் ஒரே நீலக் குளம். எண் ஒன்றுகூடத் தெரியவில்லை.

பத்து விரலும் நடுங்க அன்றிரவு குழுவில் செய்தி போட்டேன். அரை மணி நேரத்தில் முதல் படம் வந்தது. சுவா சூ காங் வட்டாரத்து ஆன்ட்டி, சீன ஆன்ட்டிதான், ஒவ்வொரு ஞாயிறும் நான் எழுதி முடித்ததும் பக்கத்தைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறார். எதற்காம்? தமிழ்ப் பெயர்களைப் பழகிக்கொள்ள! நான் தமிழில் எழுதுவதைப் பார்த்து, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கற்றிருக்கிறார். “பவலக்காலி” என்று அவர் சொல்லும்போது நாம் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் ஆன்ட்டி. 15 ஞாயிறுகள் உங்கள் கைப்பேசியிலிருந்து வந்தன.

மேலும் இரண்டு, உட்லண்ட்ஸ் அண்ணனின் பணப்பையிலிருந்து. வலதுபுறக் குளத்தை அவர் எண்ண, இடதுபுறம் நான் எண்ணிய நாள்கள் அவை. கூட்டலைப் பேரங்காடி ரசீதின் பின்பக்கம் குறித்திருக்கிறார். முன்பக்கத்தில் முட்டை, மைலோ, பாத்திரம் தேய்க்கும் நார். ரசீதின் மை மங்கிப்போனது, அவர் பென்சில் எழுத்து மங்கவில்லை. (பென்சில்! இதிலும் தோற்றேன்.)

பாக்கி இரண்டு ஞாயிறுகள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டுக்காகத்தான்.

கிராஞ்சி பக்கத்துக் காப்பிக்கடையில் நாம் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கும். நம் பெரியவருக்கு நினைவாற்றல் அபாரம். நவம்பர் மூன்றாம் ஞாயிறு எத்தனை பொன்னிற உப்புக்கொத்தி, எந்த மூலையில் நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். நம் மலாய் மாமா பாக்சிக், பாலில்லாத் தேநீரான தே-ஓவைக் கீழே வைத்து, “அன்றைக்கு எழுதினீர்களா, இன்றைக்கு ஞாபகம் வருகிறதா?” என்று கேட்டார். பெரியவர் யோசித்தார். ஞாபகம்தான் என்றார். “அப்படியென்றால் எழுத வேண்டாம்” என்று அவரே சொன்னார். ஒருவர் தன் நினைவைத் தானே அப்படித் தள்ளிவைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அறுபது வயதுக்கு மேல் எனக்கு அது வராது.

பிறகு, அந்த இரண்டு வரிசையிலும் சுழியம் போட்டுவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். கூடவே கூடாது என்று தொழிற்கல்லூரித் தம்பி மேசையைத் தட்டினார். சுழியம் என்றால் போனோம், பார்த்தோம், பறவை இல்லை. வெறும் கட்டம் என்றால் நமக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்து இந்தத் தாளைப் பார்க்கிறவர், நவம்பரில் ஒரு வாரம் பறவையே வரவில்லை என்று நம்பிவிடுவார். கணக்கு வேலையில் இத்தனை வருடம் இருந்த எனக்கு இதை ஒரு இருபது வயதுப் பையன் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு, ஓரத்தில் “பதிவு இல்லை” என்று எழுதினேன்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1986இல் பறவை பார்க்கப் போன சிலர் கண்டு சொல்லியிராவிட்டால் சுங்கை பூலோ இன்று நமக்கு இல்லை. அவர்கள் மலாயா இயற்கைச் சங்கத்தின் அப்போதைய சிங்கப்பூர்க் கிளைக்காரர்கள். எத்தனை வகைப் பறவை வருகிறது என்று பட்டியலிட்டு, இதைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002இல் சட்டப்படி காப்பகம் ஆனது, அடுத்த ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா. அந்தப் பட்டியலில் ஞாபகத்திலிருந்து நிரப்பிய எண் ஒன்று இருந்து, யாராவது கண்டுபிடித்திருந்தால்? முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு.

நாம் எண்ணும் பவளக்காலி, காலில் சேறு அப்பியிருந்தால் பச்சைக்காலியா என்று நம்மைக் குழப்பி, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளையைக் காட்டிச் சண்டையைத் தீர்த்துவைக்குமே, அதில் சிலவற்றின் முதுகில் சின்னக் கருவி பொருத்தி இங்கிருந்து பின்தொடர்ந்தார்கள். இமயமலையைத் தாண்டித் திபெத்து மேட்டுநிலத்துக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிறது. 925 பேருந்தில் ஏறி இறங்கவே முட்டி வலிக்கிறது என்று நான் புலம்புவதை இனிக் குறைத்துக்கொள்கிறேன்.

சரி, குறிப்பேட்டுக் கதை போகட்டும். சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளையிலிருந்து வந்திருக்கும் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கப்பல் பட்டறையில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் படுத்துத் தூங்க வேண்டிய பிள்ளை, நம்மோடு சேற்றில் இறங்குகிறார். முதல் நாள் அவர் ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “அக்கா, இது தில்லை. எங்க ஊர் மரம்.” எனக்குப் புல்லரித்தது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் ஜொகூருக்கு எதிர்க்கரையில் நிற்கிறது! யாரோ கிளையைத் தொடப் போக, “பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்” என்று தடுத்தார். பாக்சிக் திரும்பி, நாங்களும் அதனால்தான் புத்தா-புத்தா என்கிறோம் என்றார். மலாயில் புத்தா என்றால் குருடு. ஒரே மரம், ஒரே பயம்.

செப்டம்பர் கரையோரத் துப்புரவில் அந்தத் தம்பி செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 1992 முதல் சிங்கப்பூரில் நடந்துவரும் துப்புரவு அது. பொறுக்குவதோடு விடாமல் உறிஞ்சுகுழல் எத்தனை, நுரைப்பெட்டித் துண்டு எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும், அதனால்தான் எனக்குப் பிடிக்கும். கண்டல் வேர்களுக்கிடையில் யாரோ விட்டுப்போன நைலான் வலை. அதற்குள் ஒரு குதிரைலாட நண்டு. ஒவ்வொரு காலிலும் நாலைந்து சுற்று. நான் கத்தரியைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. மண்டியிட்டு, ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்லத் திருப்பி, விரல் நகத்தால் முடிச்சின் வாயைத் தேடினார். பிழைப்புக்கு வலை பின்னிய குடும்பம், எந்த இழையை அறுத்தால் எது தளரும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றே இடத்தில் வெட்டினார், மொத்தமும் கழன்றது. யாரோ வாலைப் பிடித்துத் தூக்கப் போக, “வேணாம், கவுந்தா நிமிர அதுக்கு அந்த வால்தான்” என்றார். நானும் என் வேலையைச் செய்தேன். வாலை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தேன், உருண்டை. சதுப்புநில வகை. முக்கோணமாக இருந்தால் கரையோர வகை. எழுதிக்கொண்டேன். அது நத்தை வேகத்தில் தண்ணீருக்குள் போய், சேற்றைக் கிளப்பி மறைந்தது. தம்பி வலையைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, “வலை நல்ல வலைதான்” என்று முணுமுணுத்தார்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக: மைக்கேனியா என்ற களைக்கொடியை வேரோடு இழுத்தவர்களுக்கு நன்றி. வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் கணுவுக்குக் கணு மறுபடி வேர் விட்டிருக்கும். வாரா வாரம் நெகிழிப் புட்டி மூட்டைகளைத் தூக்கிய தேசியச் சேவைப் பிள்ளைகளுக்கு நன்றி. கருணைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்த ஈசூன் அக்காவுக்கு நன்றி, குரங்கு பார்க்காத இடத்தில் தின்றோம். படமெடுக்க மட்டும் வந்து, பறவைக்குக் கிட்டப் போய், மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்ட அந்த நீளக் கேமராக்காரருக்கு நன்றி சொல்ல மாட்டேன். பாதி எண்ணியிருந்தேன் ஐயா.

இப்போது ஏப்ரல். குளங்கள் காலி. போன ஞாயிறு பவளக்காலி வரிசையில் சுழியம் எழுதினேன். நீங்கள் எல்லோரும் கூட நின்று பார்த்துச் சொன்ன சுழியம்.

செப்டம்பரில் பார்ப்போம். பென்சில் ஒரு டஜன் வாங்கிவிட்டேன். புதுக் குறிப்பேட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறேன். பார்த்ததும் யாரும் சிரிக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் கணக்குப்பிள்ளை